பாடநூல் எழுதுபவர்களே, லீடிக் செல்லுக்குள்ளும் கொஞ்சம் போங்கள்

உயிரியல் பாடநூல்களை எழுதுகிற, திருத்துகிற, ஒப்புதல் தருகிற எல்லாருக்கும் வணக்கம்.

மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்எச் என்ற ஹார்மோன் வருகிறது, விந்தகத்தின் லீடிக் செல்கள் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. நீங்கள் எழுதும் இந்த வரி தவறில்லை. ஆனால் எல்எச் வருவதற்கும் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதற்கும் நடுவில்தான் சங்கதியே இருக்கிறது, அதை அப்படியே தாண்டிப் போய்விடுகிறீர்கள்.

எல்எச் அந்தச் செல்லுக்குள் போய் எதையும் செய்வதில்லை. மேற்பரப்பில் இருக்கும் ஏற்பியில் அது ஒட்டியதும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறு ஏறுகிறது, புரத கைனேஸ் ஏ என்ற நொதி வேலையைத் தொடங்குகிறது, சேதி உட்கருவுக்குப் போகிறது. அங்கே காத்திருப்பவைதான் படியெடுத்தல் காரணிகள். டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் உட்கார்ந்து, எந்த மரபணு எப்போது, எவ்வளவு ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்கள். எஸ்எஃப்-1, காட்டா4, இரண்டும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன, நர்77 தூண்டல் வந்த பிறகு மளமளவென்று உருவாகிறது, இவற்றோடு கிரெப் மாதிரி இன்னும் சில. தனியாக ஒன்று செய்வது கொஞ்சம்தான். காட்டா4-உம் எஸ்எஃப்-1-உம் சேர்ந்தால் கிடைக்கும் விளைவு, இரண்டும் தனித்தனியே தருவதன் கூட்டுத்தொகையைவிட அதிகம். தடுப்பதற்கும் ஆள் உண்டு: எஸ்எஃப்-1-ஐ அடக்கி வைக்கும் டாக்ஸ்-1.

இவை இயக்கும் மரபணுக்களில் முக்கியமானது ஸ்டார். டெஸ்டோஸ்டிரோனுக்கு மூலப்பொருள் கொலஸ்ட்ரால், அதை மாற்றும் முதல் நொதி இருப்பதோ மைட்டோகாண்ட்ரியாவின் உள் சவ்வில். அங்கே கொலஸ்ட்ராலைச் சேர்ப்பதுதான் கடினமான கட்டம், அதற்குத்தான் ஸ்டார் புரதம். 1994-இல் கிளார்க், ஸ்டாக்கோ ஆகிய ஆய்வாளர்களின் குழுவினர் எலியின் லீடிக் புற்றுச் செல்களிலிருந்து இதைக் கண்டெடுத்தார்கள். அடுத்த வருடமே, இந்த மரபணு பழுதான குழந்தைகளுக்கு அட்ரினலும் சரி, இனப்பெருக்கச் சுரப்பியும் சரி, ஸ்டீராய்டு ஹார்மோன்களைச் செய்ய முடியாமல் திணறுவது தெரிந்துவிட்டது. அதே 1994-இல்தான், எஸ்எஃப்-1 இல்லாத எலிகள் அட்ரினலும் இனப்பெருக்கச் சுரப்பிகளும் இல்லாமலே பிறக்கின்றன என்பதும் வெளியானது. ஆக எஸ்எஃப்-1 சுரப்பை மட்டும் பார்த்துக்கொள்ளும் புரதம் இல்லை, சுரப்பி உருவாவதற்கே வேண்டியது!

மேல்படிப்பில் பார்த்துக்கொள்ளட்டும் என்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எஸ்எஃப்-1 மரபணுவில் மாற்றம் உள்ள, எக்ஸ்ஒய் குரோமோசோம் கொண்ட குழந்தைகளில் சிலருக்குப் பிறப்புறுப்பு ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதபடி இருக்கும், சிலருக்குச் சிறுநீர்த் துளை இடம் மாறியிருக்கும், சிலருக்கு வளர்ந்தபின் விந்தணுக் குறைவாக மட்டுமே வெளிப்படும். ஒரே மரபணு, இத்தனை விதம். இப்படி ஒரு விஷயம் இருப்பதையே பெற்றோர் மருத்துவர் அறையில் முதல் முறையாகக் கேட்க வேண்டியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், டெஸ்டோஸ்டிரோன் ஊசியை உடற்கட்டுக்காகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை எல்எச்சைக் குறைத்துவிடும், லீடிக் செல்லில் தூண்டல் இல்லாமல் ஸ்டாரும் மற்ற நொதிகளும் குறையும், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைய இருக்கும்போதே விந்தகத்துக்குள் அது சரிந்து விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். செல்லுக்குள் நடப்பதைப் படித்த ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு இதை யாரும் மிரட்டிச் சொல்ல வேண்டியதில்லை, அவனே யோசித்துப் புரிந்துகொள்வான்.

நான் கேட்பது அரைப் பக்கமும் ஒரு படமும். ஏற்பியிலிருந்து உட்கருவுக்கு, உட்கருவிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்று அம்புக்குறி போட்ட படம். காரணிகளின் பெயர்களை மட்டும் தயவுசெய்து ஒரு மதிப்பெண் கேள்வியாக்கிவிடாதீர்கள். கேட்பதென்றால், டாக்ஸ்-1 அளவுக்கு மீறி வேலை செய்தால் டெஸ்டோஸ்டிரோன் என்ன ஆகும் என்று கேளுங்கள்.