கரியாகோ சந்தைப் பகுதியில் எனக்கு உதவிய அம்மையாருக்கு நன்றி

வேலைக்காகத் தான்சானியாவின் தாருஸ்ஸலாம் நகருக்கு வந்த முதல் வாரத்தில், வாடகை வீட்டைப் பார்க்க "சா ம்பிலி"க்கு வருமாறு உரிமையாளர் சொன்னதை, ம்பிலி என்றால் இரண்டு என்று மட்டும் அறிந்திருந்த நான், பிற்பகல் 2 மணி என்றே எடுத்துக்கொண்டேன். பூட்டிய கதவின் முன் நான் திகைத்து நின்றதைக் கண்டு, எதிரே மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த தாங்கள் எழுந்து வந்தீர்கள். இந்நாட்டு மொழியான சுவாகிலியின் வழக்கில் பகற்பொழுதை விடியலிலிருந்து எண்ணுவார்கள், காலை 7 மணியே அங்கு ஒரு மணி, ஆகவே இரண்டு என்பது காலை 8 மணி என்று விரல்விட்டு விளக்கினீர்கள். (நம் முன்னோரின் நாழிகைக் கணக்கும் உதயத்தில் தொடங்கியதுதானே என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.)

அத்துடன் நிற்காமல், தங்கள் கைப்பேசியிலேயே உரிமையாளரிடம் பேசி, மறுநாள் காலை நான் வர ஏற்பாடு செய்தீர்கள். அந்த வீட்டில்தான் இன்றும் குடியிருக்கிறேன். மூத்தோரை "ஷிகாமூ" என்று வணங்க வேண்டும், அவர்கள் "மரஹபா" என்று ஏற்பார்கள் என்பதையும் தாங்களே கற்றுத்தந்தீர்கள். வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்கான பி வகைக் குடியிருப்பு அனுமதிக்கும் வேலை அனுமதிக்கும் அலைந்த அந்த நாட்களில், என்னிடம் எதையும் எதிர்பாராமல் பேசிய முதல் மனிதர் தாங்கள். பெயரைக் கேட்காமல் வந்துவிட்டது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஷிகாமூ, அம்மா.