எட்டாம் தெரு வீட்டுக்காரர்

அன்புள்ள கயல்,

உன் பிரிவை இன்னொரு பிரிவோடு சேர்க்கப் போகிறார்கள் என்று சொன்னபோது உன் குரலே சரியில்லை. "ஏதாவது எழுதுங்களேன்" என்று அம்மா இரண்டு நாளாக நச்சரிக்கிறாள். எனக்குப் புத்தி சொல்ல வராது. போன கோடையில் நீ கூட்டிப்போன, வாஷிங்டன் எட்டாம் தெருவில் இருக்கும் மரைன் படை முகாம்தான் நினைவுக்கு வருகிறது. கப்பலிலும் கரையிலும் சண்டை போடும் அமெரிக்கப் படை அது. வெள்ளிக்கிழமை அணிவகுப்பு முடிந்து எல்லோரும் பேண்டு வாத்தியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தீர்கள். நான் அந்தப் படைத் தலைவர், அதாவது கமாண்டன்ட், வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பதவியில் ஒரே மனிதர் 38 வருஷம் இருந்திருக்கிறார். ஊருக்கு வந்ததும் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

ஆர்ச்சிபால்ட் ஹெண்டர்சன், வர்ஜீனியாக்காரர். 1806இல் இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்தார். 1820இல் கமாண்டன்ட் ஆனார். அவருக்கு முன்னால் இருந்தவரைக் குடிப்பழக்கத்துக்காக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதனால் நாற்காலிக்கே மரியாதை இல்லை. படையும் சின்னது, இரண்டாயிரம் பேர்கூட இல்லை. அதைவிடத் தலைவலி, அவர்கள் யாருடைய ஆட்கள் என்பதே. கப்பலில் இருந்தால் கடற்படைச் சட்டம், கரையேறினால் தரைப்படைச் சட்டம் என்று இரண்டும் கெட்டான் நிலை. 1829இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன், இந்தப் படையைத் தரைப்படையோடு சேர்த்துவிடலாம் என்று அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கே எழுதிவிட்டார்.

ஹெண்டர்சன் விடவில்லை. ஐந்து வருஷம் இழுபறி. கடைசியில் 1834இல் வந்த சட்டம், மரைன்கள் கடற்படைத் துறையைச் சேர்ந்தவர்கள், ஜனாதிபதி உத்தரவிட்டால் மட்டும் தரைப்படையோடு போவார்கள் என்று எழுத்தில் வைத்தது. முப்பது வருஷம் ஃபைல் கட்டிய எனக்கு, அவர் வாழ்க்கையில் இதுதான் பெரிய சண்டையாகப் படுகிறது. ஆமாம், உன் ஆபீசில் இணைப்பு என்றார்களே, எழுத்தில் கொடுத்தார்களா? யார் யாருக்குக் கீழே என்று கேட்டு வாங்கு.

1836இல் பாதிப் படைக்கு மேல் கூட்டிக்கொண்டு தெற்கே செமினோல் என்ற பூர்வகுடி மக்களோடு சண்டைக்குப் போனார். அதற்காக பிரிகேடியர் ஜெனரல் பட்டமும் கிடைத்தது. சொந்த மண்ணில் இருந்தவர்களை விரட்டிய போர் அது. அதை என்னால் மெச்ச முடியவில்லை.

அப்புறம் 1857, ஜூன் 1. வாஷிங்டனில் தேர்தல் கலவரம். அடக்க மரைன்களை அனுப்பினார்கள். ரவுடிக் கூட்டம் ஒரு பீரங்கியை மரைன்கள் பக்கம் திருப்பி நிறுத்தியது. சாதாரண உடையில் வந்த ஹெண்டர்சன், 74 வயதுக் கிழவர், நேராகப் போய் பீரங்கியின் வாயைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றார். சுடாதீர்கள் என்று எச்சரித்தார். மரைன்கள் பீரங்கியைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிறகும் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின.

1859 ஜனவரியில், பதவியில் இருக்கும்போதே இறந்தார். அவ்வளவு வருஷம் குடியிருந்ததில் அது அரசாங்க வீடு என்பதையே மறந்து உயிலில் பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார் என்று ஒரு கதை உண்டு. கட்டுக்கதையாகத்தான் இருக்கும். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. நாம் குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று முருங்கைக் கிளையை வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாளே, ஞாபகம் இருக்கிறதா? கொல்லையில் இந்த வருஷமும் காய்த்திருக்கிறது. நேற்று அந்தக் காயில்தான் சாம்பார்.

அன்புடன்,
அப்பா