ஜெர்மன் தெரியாமல் எங்களை ஜெர்மனிக்கு அனுப்பாதீர்கள்: நெல்லைச் சீமைக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசி மாவட்டக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நான் அம்பாசமுத்திரம் வட்டாரத்தைச் சேர்ந்தவன். ஊர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பொறியியல் முடித்துவிட்டு, இப்போது ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், கெம்னிட்ஸ் நகரில் முதுநிலைப் படிப்புப் படிக்கிறேன். பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும், ஜெர்மன் தேவைப்படாது என்று சொல்லித்தான் எங்களில் பலரை அனுப்பி வைக்கிறார்கள். அது வகுப்பறை வரைக்கும்தான் உண்மை. வாடகை ஒப்பந்தம், மருத்துவர், ரயில் அறிவிப்பு, அஞ்சல் பெட்டி என்று மற்ற எல்லாமே ஜெர்மனில் இருக்கின்றன. அந்த மொழியை எங்கள் கல்லூரிகளிலேயே கற்றுத்தர வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்துவிட வேண்டும். அதன் பிறகு தபால்கள் வரத் தொடங்கும். எல்லாமே கைப்பேசியில் வந்து பழகிய எங்களுக்கு, முக்கியமான செய்திகள் இன்னும் உறையிலிட்ட தாளில் வரும் நாடு புதிது. அப்படி வந்த கடிதம் ஒன்றை விளம்பரம் என்று நினைத்து மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன்; அடுத்து வந்ததையும் அதன் மேலேயே வைத்தேன். பிறகு வந்த ஒன்றைப் பக்கத்து அறையில் இருந்த ஜெர்மானிய மாணவியிடம் காட்டினேன். அவர் தலைப்பில் இருந்த நீளமான சொல்லின் கடைசிப் பகுதியைப் பென்சிலால் சுழித்து, "பெஷைட்" என்று இரண்டு முறை உச்சரித்துக் காட்டி, இந்தச் சொல்லில் முடியும் கடிதம் எது வந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, இது அரசு ஆணைக்குச் சமம் என்று விளக்கினார். வீட்டில் தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று வசூலிக்கப்படும் பொது ஒலிபரப்புக் கட்டணத்தைக் கேட்டு வந்த கடிதங்கள் அவை. மாதக்கணக்கில் சேர்ந்துபோன நிலுவையோடு, தாமதக் கட்டணம் 8 யூரோவும் ஏறியிருந்தது.

8 யூரோ பெரிய தொகையா என்று தாங்கள் கேட்கலாம். விசாவுக்காக ஓராண்டுச் செலவுப் பணம் 11,904 யூரோவை, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்ட் என்ற வங்கிக் கணக்கில் முன்கூட்டியே கட்டுகிறோம்; அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே கைக்கு வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும், நிலப் பத்திரத்தை வங்கியில் வைத்த வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு 8 யூரோ என்பது இரண்டு மூன்று நாள் சமையல் செலவு.

பயணத்திலும் இதே கதைதான். வாஞ்சி மணியாச்சியில் குருவாயூர் எக்ஸ்பிரஸிலிருந்து தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கேயும் சில வட்டார ரயில்கள் வழியில் ஒரு நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போகின்றன. பவேரியா பக்கம் நண்பனைப் பார்க்கப் போன அன்று அதை ஒலிபெருக்கியில் அறிவித்திருக்கிறார்கள். அறிவிப்பு ஜெர்மனில் மட்டும் வந்ததால் எனக்கு விளங்கவில்லை. எதிரில் இருந்த முதியவர் பையை எடுத்துக்கொண்டு முன்பெட்டிக்குப் போனதையும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இருட்டிய பிறகு, பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு சின்ன நிலையத்தில் இறங்கி, திரும்பும் ரயிலுக்காக ஒன்றே முக்கால் மணி நேரம் பனியில் நின்றேன். திறந்த கடை ஒன்றுகூட இல்லை, அன்று ஞாயிற்றுக்கிழமை.

உடம்புக்கு முடியாத இரவுகளைப் பற்றி விரிவாக எழுத விரும்பவில்லை, பெற்றோர்கள் படித்தால் கலங்குவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112, மற்றபடி இரவில் மருத்துவர் வேண்டுமென்றால் 116117 என்ற இரண்டு எண்களையும், எங்கே, எப்படி வலிக்கிறது என்று ஜெர்மனில் சொல்லும் பத்து வாக்கியங்களையும் தெரிந்துகொண்டு விமானம் ஏறுவது நல்லது.

வேலை விஷயம் இதைவிட முக்கியம். ஆண்டுக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்ய மாணவர்களுக்கு அனுமதி உண்டு. மொழி தெரிந்தவர்களுக்குத் தங்கள் துறை சார்ந்த நிறுவனங்களில் பகுதிநேர வேலை கிடைக்கிறது. தெரியாதவர்கள் பெரும்பாலும் கிடங்குகளில் இரவு முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டுக் காலையில் வகுப்பில் தூங்குகிறார்கள். இருவரும் ஒரே மதிப்பெண்ணோடு, ஒரே கல்லூரியிலிருந்து வந்தவர்களாகக்கூட இருக்கிறார்கள். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

ஜெர்மானிய மதபோதகரான இரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து, இலக்கணம் எழுதும் அளவுக்குத் தமிழைக் கற்று, நம் ஊர்களில் பள்ளிகளை நடத்தினார். மொழியைக் கற்றதால்தான் அவரால் இங்கே 18 ஆண்டுகள் மக்களோடு மக்களாக வாழ முடிந்தது. தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பெயரெடுத்த அதே ஊரின் பிள்ளைகள் ஜெர்மன் தேர்வுக்காகச் சென்னைக்கு ரயிலேறுவதும், அதற்கும் வழியில்லாதவர்கள் ஒரு சொல்லும் அறியாமல் வந்து இறங்குவதும் சரியல்ல.

ஆகவே, விருப்பமுள்ள மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்காவது மாலை நேர ஜெர்மன் வகுப்பைத் தங்கள் கல்லூரிகளில் தொடங்கித் தாருங்கள். மொழித் தேர்வின் தொடக்க நிலைகளான ஏ1, பிறகு ஏ2 என்ற அளவு போதும். ஆசிரியர் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே படிக்கும் நெல்லைப் பக்கத்து மாணவர்கள் சிலர் ஞாயிறுதோறும் நம் ஊர் நேரம் பிற்பகல் 2 மணிக்குக் காணொளி வழியே கட்டணமின்றி வகுப்பெடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கு அது கோடையில் காலை 10:30, குளிர்காலத்தில் 9:30. இழுப்பறையில் கிடந்த அந்தக் கடிதங்களைத்தான் முதல் பாடமாக வைத்திருக்கிறேன். பொறுப்பாசிரியர் ஒருவரை நியமித்து, ஓர் அறையையும் திரையையும் ஒதுக்கித் தந்தால், வரும் ஜூன் மாதமே தொடங்கிவிடலாம். தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கெம்னிட்ஸில் படிக்கும் தங்கள் மாணவன்