பழைய கிரைண்டரோடு வரும் கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். பிளேனர் பிளேடுகளை நீயே சாணை தீட்டிக்கொள்ள நீ கேட்ட பழைய ராலிவுல்ஃப் கிரைண்டரை இன்று காலை அம்பாசமுத்திரத்தில் பார்சல் போட்டுவிட்டேன். மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து, ஓடும்போது பொறி அதிகம் பறந்ததால் புதிதாக மாற்றியிருக்கிறேன். உடம்பு முழுவதும் உலோகமாக இருக்கும் மெஷின் என்பதால் பழைய வயரை எடுத்துவிட்டு, எர்த் உள்ள மூன்று கம்பி வயர் போட்டிருக்கிறேன். எர்த் இல்லாத பிளக்கில் அதைச் செருகாதே.

மரம் இழைக்கும் உன் பிளேனர் மெஷினின் பிளேடுகள் வெளியே சாணைக்குப் போய், சூடேறி நீலம் பாய்ந்து திரும்பின என்று வருத்தப்பட்டாய். எனக்கும் ஒருமுறை அப்படி நேர்ந்தது. செங்கோட்டையிலிருந்து வந்த தேக்கை இழைக்க ஆரம்பித்த அரை நாளில் பிளேடின் வெட்டும் வாய் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. தேக்கில் மணல் சத்து உண்டு, நல்ல பிளேடையே அது சீக்கிரம் மழுக்கிவிடும். அன்று முதல் பிளேடை வெளியே கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

பெட்டியில் இருக்கும் மரச்சட்டம் நானே செய்தது. பிளேடு சாய்வான பள்ளத்தில் அசையாமல் உட்காரும். கிரைண்டர் இரண்டு தண்டவாளங்களின் மேல் போய்வரும். 3 மி.மீ. கனமுள்ள பிளேடில் தீட்டிய சரிவின் அகலம் 5 மி.மீ. இருந்தால் கோணம் ஏறக்குறைய 37 டிகிரி என்று கொள். நம் ஊர் மரத்துக்கு அது போதும். வெள்ளைச் சாணைச் சக்கரத்தை கிரைண்டரில் மாட்டும் முன் விரலில் தொங்கவிட்டு, உளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார். கணீரென்று ஒலிக்க வேண்டும். ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல் கேட்டால் தூக்கி எறிந்துவிடு. சக்கரத்தில் அச்சிட்டிருக்கும் சுற்று வேகம் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அதைத் தொடவே தொடாதே.

ஒரே பிளேடை முழுவதும் தீட்டி முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பதுதான் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் செய்யும் தவறு. சக்கரத்தை மயிரிழை இறக்கி, மூன்று பிளேடையும் அதே இறக்கத்தில் ஒருமுறை ஓட்டு. அதன் பிறகே மறுபடியும் இறக்கு. சக்கரமும் கூடவே தேய்கிறது என்பதால், கடைசியில் இறக்காமலேயே மூன்றையும் பொறி அடங்கும்வரை ஓட்ட வேண்டும். அகலமும் எடையும் ஒத்துப்போகாத பிளேடுகளை நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேல் ஓடும் பிளேனர் உருளையில் மாட்டினால் மெஷினே உதறும். ஒரு பிளேடு மட்டும் மரத்தைக் கடித்துப் பலகையில் அலை அலையாகக் கோடு விழும். தராசில் போட்டுப் பார்க்கச் சோம்பல்படாதே.

சூடு ஏறினால் தண்ணீரில் முக்கும் பழக்கம் உனக்கு என் உளிகளிடமிருந்து வந்தது. சாதாரண எஃகு உளிக்கு அது சரி. ஹைஸ்பீடு ஸ்டீல் பிளேடு சூட்டைத் தாங்கும். ஆனால் சூடாக இருக்கும்போது தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். கைக்குப் பொறுக்காத சூடு வந்தால் தானாக ஆறட்டும் என்று விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வா. சக்கரத்தின் முகம் பளபளத்துவிட்டால் அது அறுக்காது, உரசிச் சூடாக்கத்தான் செய்யும். அப்போது வைரமுனையால் ஒருமுறை சீவிவிடு.

முடிவில் வாயோரம் நிற்கும் பிசிறை எண்ணெய்க் கல்லில் எடு. முதுகுப் பக்கம் கல்லில் படிந்தபடியே இருக்க வேண்டும், சற்றும் தூக்கிவிடாதே. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தீட்ட உட்காராதே. எனக்குக் கண்ணில் துகள் எடுத்த நாளில் உன் அம்மா பட்ட பாட்டை நீயே பார்த்திருக்கிறாய்.

பெட்டியின் மேல்தட்டில் அவள் கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு கட்டு வைத்திருக்கிறாள். கிரைண்டரில் கை வைக்கும் முன் அதை எடுத்துத் தனியே வை. எவ்வளவு துடைத்தும் மெஷினில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை.

இப்படிக்கு,
அப்பா