ஆயிரம் ரூபாய் விசுவாசமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தேர்தல் கட்டுரையில், "மாதம் ஆயிரம் வாங்கும் பெண்களும், கூடவே சேர்த்துக்கொள்ளப்பட்ட திருநங்கைகளும் விசுவாசமான வாக்கு வங்கி" என்று ஒரு வரி வந்திருக்கிறது. உங்கள் மேசையைத் தாண்டித்தான் அது அச்சுக்குப் போயிருக்கும் என்பதே என் வருத்தம். தேர்தல் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

2021-ல் தி.மு.க. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது. அ.தி.மு.க. 1,500 ரூபாயும் ஆண்டுக்கு ஆறு சிலிண்டரும் என்றது. அதிகம் தருகிறேன் என்றவர்கள்தான் தோற்றார்கள். பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்த 1989 சட்டமும் அப்படித்தான். அதைக் கொண்டுவந்த தி.மு.க. 1991-ல் படுதோல்வி அடைந்தது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் அடித்த அலை அது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் சொத்துரிமைக்கான நன்றி அந்த அலைக்கு அணை போடவில்லையே. 25.3.1989-க்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை என்பதையும் யாரும் எழுதுவதில்லை. 2005-ல் மத்தியச் சட்டம் திருத்தப்படும்வரை, ஒரே வீட்டில் அக்காவுக்குப் பங்கில்லை, தங்கைக்கு உண்டு என்றுதான் இருந்தது. அந்த இருவர் ஓட்டையும் ஒரே கணக்கில் எப்படி எழுதுவது?

பெண்கள் இன்ன கட்சிக்குத்தான் போட்டார்கள் என்பதை உங்கள் கட்டுரையாளர் எதைப் பார்த்து எழுதினார்? வாக்கு எண்ணும்போது இயந்திரம் ஆண் ஓட்டு, பெண் ஓட்டு என்று பிரித்துக் காட்டாது. இறுதி முடிவுத் தாளான படிவம் 20-ல் சாவடிவாரியாகத்தான் கணக்கு வரும். ஒரு காலத்தில் ஆண்கள் சாவடி, பெண்கள் சாவடி என்று தனித்தனியாக நிறைய இருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க வழியிருந்தது. இன்று பெரும்பாலும் அனைத்து வாக்காளர் சாவடிகள்தான். மிச்சம் இருப்பது கருத்துக்கணிப்பு மட்டுமே. அதை அப்படியே சொல்லியிருக்கலாம்.

2021-ல் ஓட்டுப் போட்ட பெண்கள் சுமார் 2.31 கோடி, ஆண்கள் 2.26 கோடி. சட்டமன்றத்துக்குப் போன பெண்களோ 234-ல் 12 பேர். இதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு தலையங்கம் படித்த நினைவில்லை. மாதம் ஆயிரம் தரும் மகளிர் உரிமைத் தொகையிலும் வரம்புகள் உண்டு: ஆண்டு வருமானம் 2.5 லட்சம், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட். ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் இருந்தால் யூனிட் எல்லை தாண்டிவிடும். தொகை கிடைக்காத அந்த வீட்டுப் பெண்ணின் கோபத்தை எந்த வங்கியில் போட்டு வைப்பீர்கள்? 2022-ல் கட்டணமில்லாப் பேருந்தை ஓர் அமைச்சர் 'ஓசி' என்றபோது எழுந்த கொதிப்பை நீங்களே செய்தியாகப் போட்டீர்கள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டினால் பெண்களின் மனம் விட்டுப்போகும். உங்கள் வரியும் சொல்லிக்காட்டும் வரிதான்.

திருநங்கைகளைப் பற்றி எழுதியது இன்னும் அநியாயம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் திருநர் 22,364 பேர். 2021 வாக்காளர் பட்டியலில் மூன்றாம் பாலினத்தவர் ஏழாயிரத்துச் சொச்சம். ஓட்டுப் போட்டவர்கள் 1,500-க்கும் குறைவு. திருநம்பிகள், அதாவது திருநர் ஆண்கள், உங்கள் கட்டுரையில் ஒரு சொல்லாகக்கூட இல்லை.

பட்டியலில் பெயர் ஏறாததற்குக் காரணங்கள் மிகச் சாதாரணமானவை. புதிதாகச் சேரப் படிவம் 6. அதில் உறவினர் பெயர் கேட்கும் இடத்தில் மூன்றாம் பாலினத்தவர் தம் குருவின் பெயரை எழுதலாம் என்று படிவத்திலேயே இருக்கிறது. இது தெரியாத வாக்குச்சாவடி நிலை அலுவலர், "அப்பா பெயர் வேண்டும்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். ஏற்கெனவே பழைய பெயரில் இருப்பவர்கள் பெயர், பாலினம், புகைப்படம் மூன்றையும் படிவம் 8-ல் ஒரே விண்ணப்பமாகத் திருத்த வேண்டும். பெயரை மட்டும் திருத்திப் புகைப்படத்தை விட்டுவிட்டால் சாவடியில் சிக்கல். கட்சி முகவர் இரண்டு ரூபாய் கட்டி அடையாளத்தை ஆட்சேபித்தால், சாவடிக்குள் இருக்கும் அத்தனை பேர் முன்னிலையில் சாவடியின் தலைமை அலுவலர் விசாரிப்பார். ஆட்சேபம் நிரூபணமாகாவிட்டால் ஓட்டுப் போடலாம். ஆனால் ஒருமுறை அப்படி நின்றவர் அடுத்த தேர்தலுக்கு வரத் தயங்குவார். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் பழைய பட்டியலில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்டச் சொன்னது. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர் பட்டியலில் பெற்றோர் பெயர் இருக்கும் பாகத்தின் எண்ணுக்கு எந்த வாசலில் போய் நிற்பார்?

வேலூர் மாநகராட்சியில் 2022-ல் திருநங்கை கங்கா வென்றாரே, அந்த 37-வது வார்டில் வாக்களித்தவர்கள் அக்கம்பக்கத்து ஆண்களும் பெண்களும்தான். இதை எழுத உங்களுக்கு இடமில்லாமல் போயிற்று.

நான் கேட்பது இரண்டுதான். படிவம் 6, படிவம் 8 பற்றி மேலே சொன்னதை ஒரு கட்டச் செய்தியாகப் போடுங்கள். புதிதாகப் பெயர் சேர்க்க, வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம் என்பதையும் சேருங்கள். அடுத்த வாக்குப்பதிவு அட்டவணையில் ஆண், பெண்ணுக்குப் பக்கத்தில் மூன்றாம் பாலினத்தவருக்கு மூன்றாவது பத்தியையும் அச்சிடுங்கள். தலைமை அலுவலரின் நாட்குறிப்பில் அந்த எண் தனியாக எழுதப்படுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேர்தல் துணை வட்டாட்சியர்,
விழுப்புரம் மாவட்டம்