புதிய செட் வந்ததும் டெக்கைக் கலைக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய டிரேடிங் கார்டு செட் ஒன்று வெளியானதையொட்டி, அதிலுள்ள சிறந்த பத்து அட்டைகளை வரிசைப்படுத்தித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இத்தகைய விளையாட்டுக்கும் இடம் ஒதுக்கியது வரவேற்கத்தக்கது. ஆயினும், ஓர் அட்டையை அது சேரப்போகும் டெக்கிலிருந்து, அதாவது ஆட்டக்காரர் ஆடுவதற்கென்று தொகுத்து வைக்கும் அட்டைக்கட்டிலிருந்து, பிரித்தெடுத்துத் தனியாக மதிப்பெண் போடும் முறை, புதிதாக ஆட வருவோரைத் தவறான வழியில் செலுத்திவிடும் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

மேஜிக் தி கேதரிங் விளையாட்டில், முன்கூட்டியே அமைத்து வரும் டெக்கில் குறைந்தது 60 அட்டைகள் இருக்க வேண்டும். மற்ற அட்டைகளைப் போடச் செலவாகும் மனா என்ற ஆற்றலைத் தரும் அடிப்படை லேண்டு தவிர, ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் கூடாது. போக்கிமானில் சரியாக 60. அங்கும் அடிப்படை எனர்ஜி நீங்கலாக நான்குதான் வரம்பு. யூ-கி-ஓவில் முதன்மை டெக் 40 முதல் 60 வரை இருக்கலாம், ஒரே அட்டை மூன்று. ஆகவே டெக்கைப் பெருக்காமல் புதிய அட்டை ஒன்று உள்ளே வர வேண்டுமானால் பழையது ஒன்று வெளியேற வேண்டும். எதை எடுப்பது என்பதுதான் கடினமான கேள்வி. கட்டுரை அதைத் தொடவே இல்லை.

மேஜிக்கில் மேல் வரம்பு இல்லாததால், எதையும் எடுக்க மனமின்றிப் புதியவற்றைக் கூடுதலாகச் செருகிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. நான்கு பிரதிகள் உள்ள ஓர் அட்டை 60 அட்டை டெக்கில் முதல் ஏழு அட்டைகளுக்குள் வர ஏறத்தாழ 40 விழுக்காடு வாய்ப்பு உண்டு. டெக் 66 ஆகப் பெருத்தால் அது 37-க்கும் கீழே இறங்கிவிடும். யூ-கி-ஓவில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. மூன்று பிரதிகள் உள்ள அட்டை, 40 அட்டை டெக்கில் தொடக்கத்தின் ஐந்து அட்டைகளுக்குள் வர வாய்ப்பு சுமார் 34 விழுக்காடு. 60 அட்டை டெக்கில் அதுவே 23 விழுக்காடுதான். புதிய அட்டைக்கு இடம் தருவதற்காக, ஆட்டத்தையே தாங்கி நிற்கும் அட்டை கைக்கு வரும் வாய்ப்பைக் குறைத்துக்கொள்வது எந்தக் கணக்கில் லாபம்?

அடுத்தது செலவு. பட்டியல்களில் முன்னிடம் பெறுபவை பெரும்பாலும் ஐந்தாறு மனா கேட்கும் கவர்ச்சியான அட்டைகள். 60 அட்டைகளில் 24 லேண்டுகள் வைப்பது பரவலான வழக்கம். அத்தகைய டெக்கைக் கொண்டு இரண்டாவதாக ஆடுபவர், ஆறாவது முறை வரும்போது 13 அட்டைகளைப் பார்த்திருப்பார். அவற்றில் லேண்டுகள் சராசரியாக 5.2. அதாவது, ஆறு மனா அட்டையை ஆறாவது முறையிலேயே போட்டுவிடலாம் என்ற நம்பிக்கை பாதிக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் பொய்த்துப்போகும். ஒரு மனா, இரண்டு மனா அட்டைகளைப் போதிய அளவில் வைத்து, ஒவ்வொரு முறையும் உள்ள மனா முழுவதும் பயன்படும்படி டெக்கை அடுக்குவதையே ஆட்டக்காரர்கள் மனா கர்வ் என்கிறார்கள். 1996-இல் பெயர்பெற்ற ஸ்லை என்ற சிவப்பு டெக் இதற்கு நல்ல சான்று. அதிலிருந்த பல அட்டைகளைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் எந்தப் பட்டியலிலும் இடம் கிடைத்திராது. ஆனால் அடுக்கிய விதத்தால் அந்த டெக் வென்றது.

பட்டியல்கள் எவ்வளவு பிழைபடும் என்பதற்கு அதற்கு முந்தைய ஆண்டின் கதையே போதும். 1995-இல் ஐஸ் ஏஜ் செட்டில் வந்த நெக்ரோபோட்டன்ஸ், வழக்கமாக அட்டை எடுக்கும் வாய்ப்பைத் துறக்கச் செய்து, பதிலுக்கு ஓர் உயிர்ப்புள்ளிக்கு ஓர் அட்டை வீதம் எத்தனை வேண்டுமானாலும் எடுக்க அனுமதித்தது. உயிர்ப்புள்ளி குறைவதையே பார்த்தவர்கள் அதை ஒதுக்கினார்கள். மறு ஆண்டுக் கோடைகாலப் போட்டிகளை அந்த அட்டையே ஆண்டது. 2004 பிப்ரவரியில் டார்க்ஸ்டீல் செட்டில் வந்த ஸ்கல்கிளாம்ப், தான் அணிவிக்கப்படும் உயிரி அட்டையின் தாக்குதலில் ஒன்றைக் கூட்டி, தாங்குதிறனில் ஒன்றைக் குறைக்கும். குறைப்பது தீங்கு என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த உயிரி இறந்தால் இரண்டு அட்டைகள் கிடைக்கும். தாங்குதிறன் ஒன்றே உள்ள மலிவான உயிரிகள் நிறைந்த டெக்கில் அந்தக் குறைபாடே அட்டை எடுக்கும் இயந்திரமாகிவிடுகிறது. அதே ஆண்டு ஜூனில், அண்மைச் செட்டுகளை மட்டும் அனுமதிக்கும் ஸ்டாண்டர்டு போட்டி முறையில் அது தடைசெய்யப்பட்டது. உடனடியாக வெளிப்படும் வலிமையும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை: 2019 அக்டோபரில் வெளியான ஓகோ என்ற அட்டைக்கு நவம்பரிலேயே ஸ்டாண்டர்டில் தடை வந்தது. முதல் வாரத்து விலையை நம்பி அத்தகைய அட்டைகளை வாங்கிக் குவித்தவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

சரி, செட் வந்த முதல் சில வாரங்களில் என்னதான் செய்வது? தாக்குதல் டெக்கை, அதாவது அக்ரோவை, எடுத்துக்கொள்வதே பெரும்பாலும் நல்லது என்பது என் கருத்து. எதிராளியின் ஆட்டத்தைத் தடுத்து நிறுத்தி வெல்லப் பார்க்கும் கண்ட்ரோல் டெக் வைத்திருப்பவர், எதிராளி எதைக் கொண்டுவருவார் என்று அறிந்து, அதற்கேற்ற விடைகளைத் தேர்ந்து வைக்க வேண்டியவர். செட் புதிதாக இருக்கும்போது கேள்வித்தாளே அவர் கையில் இல்லை. அக்ரோ டெக்குக்கு அந்தத் தொல்லை குறைவு. இன்னும் சரியாக அடுக்கப்படாத எதிர் டெக்குகள் தடுமாறும் இடைவெளியிலேயே அது ஆட்டத்தை முடித்துவிடும். எவையெவை வெல்கின்றன என்பது, அதாவது மேட்டா, ஓரளவு தெளிந்த பிறகு கண்ட்ரோலுக்கு மாறுவதில் தவறில்லை. ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் உதிரி அட்டைகளான சைடுபோர்டையும் அதுவரை குறிப்பிட்ட டெக்கை மட்டும் முறியடிக்கும் அட்டைகளால் நிரப்பாமல், பலவற்றுக்கு எதிராகவும் பயன்படும் அட்டைகளால் நிரப்புவதே அறிவுடைமை.

செட் வெளியாவதோடு பழைய செட்டுகள் காலாவதியாகும் ரொட்டேஷனும் சேர்ந்து வந்தால் கணக்கே மாறிவிடும். அப்போது வருவதைக் காட்டிலும் போவதையே முதலில் பார்க்க வேண்டும். உங்கள் டெக்கை இதுவரை அடக்கி வைத்திருந்த அட்டை விடைபெற்றுப் போயிருக்கலாம். அப்படியானால் புதிய அட்டை ஒன்றுகூடச் சேர்க்காமலே டெக் வலுத்துவிட்டது. மேஜிக்கின் ஸ்டாண்டர்டில் ஒரு செட் நீடிக்கும் காலம் 2023-இல் மூன்று ஆண்டுகளாக உயர்த்தப்பட்டதால், இப்போது பழையனவும் புதியனவும் நெடுங்காலம் சேர்ந்தே இருக்கின்றன. போக்கிமானில் அட்டையின் அடியில் அச்சிட்டுள்ள எழுத்தைக் கொண்டே எது செல்லும் என்று அறியலாம். யூ-கி-ஓவின் வழக்கமான போட்டிகளிலோ ரொட்டேஷனே கிடையாது. தடைப்பட்டியல் ஒன்றே கடிவாளம். அங்கே புதிய அட்டையைப் பல ஆண்டுகளாகச் சேர்ந்துள்ள பழைய அட்டைகளோடு இணைத்துப் பார்த்தால்தான் அதன் உண்மை வலிமை தெரியும்.

தங்கள் கட்டுரையாளரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பத்து அட்டைகளுக்குப் பதிலாக, முழு டெக் ஒன்றை லேண்டுகளின் எண்ணிக்கை உட்பட அச்சிட்டு, புதிய அட்டைகள் நான்கை நுழைப்பதற்காக எந்த நான்கை எடுத்தார், எடுத்ததால் எந்த எதிர் டெக்கிடம் டெக் பலவீனமாகிறது என்பதையும் எழுதட்டும். அதைப் படிப்பவர், எடுத்த நான்கையும் சேர்த்த நான்கையும் மாறி மாறி வைத்து, முதலில் ஆடியும் இரண்டாவதாக ஆடியும் தாமே சோதித்துப் பார்க்க முடியும். பட்டியலைக் கொண்டு அவர் செய்யக்கூடியதெல்லாம் கடைக்குப் போவது ஒன்றே.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்