எல்லாக் கண்களும் ஒரே அளவா? ஐலாஷ் கர்லர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இமைமுடியை நடுவில் பிடித்து அழுத்தி மேல்நோக்கி வளைக்கும் கருவியான ஐலாஷ் கர்லரைச் செய்து விற்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

மூக்குக்கண்ணாடிச் சட்டத்தின் உள்பக்கத்தைப் பார்த்தால் கண்ணாடியின் அகலம், மூக்கின் மேல் உட்காரும் பகுதியின் அகலம், காதுக்குப் போகும் கம்பியின் நீளம் எல்லாம் மில்லிமீட்டரில் அச்சாகியிருக்கும். கண்ணிமைத் தோலை உரசிக்கொண்டே வேலை செய்யும் உங்கள் கருவியில் ஒரு எண்கூடக் கிடையாது. பெட்டியில் இருப்பதெல்லாம் 'எல்லாக் கண்களுக்கும் ஏற்றது' என்ற வரியும், தங்க நிறமா ரோஜா நிறமா என்ற தேர்வும்தான்.

மற்றவர்களுக்கு ஒப்பனை செய்வது என் தொழில். ஒரு முகத்தில் அழகாக உட்கார்ந்த கர்லர் அடுத்த முகத்தில் ஓரத் தோலைக் கிள்ளும். கருவியில் பழுது இருக்காது, கண்ணுக்கும் அதற்கும் வளைவு ஒத்துப்போயிருக்காது, அவ்வளவுதான். கர்லரின் வளைவு கண்ணின் வளைவைவிட ஆழமாக இருந்தால் இரண்டு முனைகளும் முதலில் தோலில் முட்டும். நடுப்பகுதி வேரை எட்டாமல் தள்ளி நிற்கும். நடு முடிகள் பாதி நீளத்தில் மடிந்து, ஓரங்கள் நசுங்கும். வளைவு தட்டையாக இருந்தால் இதற்கு நேர் எதிர்: நடுப்பகுதி இமையை அழுத்தும், இரு ஓரத்து முடிகளும் பிடிக்குள்ளேயே வராது. துருத்தி நிற்கும் உருண்டைக் கண்ணுக்கு ஆழமான வளைவு பொருந்தும். தட்டையான இமைக்கு ஆழம் குறைந்தது வேண்டும். அகலமும் அப்படியே. கருவி கண்ணைவிட அகலமாக இருந்தால் சட்டத்தின் முனை மூக்குப் பக்கத்துத் தோலில் குத்தும்.

வாங்குபவர் இதை எப்படித் தெரிந்துகொள்வார்? திறந்த நிலையில் கர்லரைக் கண்ணருகே கொண்டுபோய், அழுத்தாமல், ஓர முடிகள் உள்ளே வருகின்றனவா, முனை தோலைத் தொடுகிறதா என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். ஆனால் மூடி ஒட்டிய பெட்டியை யார் கடையில் பிரித்துப் பார்க்க விடுவார்கள்? விடவும் கூடாது, கண்ணில் வைக்கும் பொருள் அது. அதனால்தான் கேட்கிறேன்: அகலம் இத்தனை மில்லிமீட்டர், வளைவின் ஆழம் இத்தனை மில்லிமீட்டர் என்று இரண்டே இரண்டு எண்களை அட்டையில் அச்சிடுங்கள். கருவியைச் செய்யும்போது அந்த எண்கள் உங்கள் வரைபடத்தில் இருந்தே தீரும். புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. 1930களில் அமெரிக்காவில் 'குர்லாஷ்' என்ற பெயரில் விற்ற கர்லரின் படத்தைப் பார்த்தாலும் அது என்ன கருவி என்று இன்றைய பெண்ணுக்கு உடனே விளங்கும். அடிப்படை வடிவம் அத்தனை பழையது. எண் போடுவதற்கு இவ்வளவு காலம் போதாதா?

அடுத்தது, கர்லரின் கீழ் விளிம்பில் பதிந்திருக்கும் ரப்பர் பட்டை. என் பெரிய மனக்குறை இதில்தான்.

முடியை வளைப்பது உலோகம் என்று பலர் நினைக்கிறார்கள். மேல் விளிம்பின் அழுத்தத்தை வாங்கி, முடிக்கு மெத்தையாக நின்று வளைவைத் தருவது அந்தப் பட்டை. மேற்புறம் உருண்டையாகவும் மெத்தென்றும் இருக்கும்வரை முடி வில்லாக வளையும். நாளாக ஆக உலோக விளிம்பு பட்டையில் ஒரு பள்ளத்தைப் பதித்துவிடும். பிறகு முடி அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் சட்டென்று மடிந்து, 'ட' எழுத்துபோல் கோணலாக நிற்கும். பட்டை இன்னும் தேய்ந்தோ வெடித்தோ போனால் உலோகத்துக்கு எதிரே உலோகம்தான். அப்போது அது கர்லர் இல்லை, கத்தரி. மேலிமையில் இருப்பதே ஏறக்குறைய நூறு, நூற்றைம்பது முடி. அவற்றில் கொத்தாக நாலைந்து போனால் கண்ணாடியில் இடைவெளி தெரியும், திரும்ப முளைக்க வாரக்கணக்கில் ஆகும்.

இத்தனை முக்கியமான பட்டைக்கு நீங்கள் தருவது என்ன? பெட்டியில் ஒரு உபரிப் பட்டை, அதிகம் போனால் இரண்டு. அது முடிந்ததும் தனியாகக் கேட்டால் 'புது மாடல் வந்திருக்கிறது' என்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் பட்டை இன்னொன்றின் காடியில் உட்காராது. சட்டம் பல ஆண்டுகள் உழைக்கும் எஃகு. ஒரு துளி ரப்பர் கிடைக்காததால் அதைக் குப்பையில் போடுகிறோம், இல்லையென்றால் தேய்ந்த பட்டையோடு கண்ணில் வைக்கிறோம்.

உலோகம் என்ன என்பதையும் சொல்வதில்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நிக்கல் பூச்சுள்ள கர்லரால் இமை சிவந்து, அரித்து, தோல் உரிவதுண்டு. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் வேதிப்பொருள்களும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது. டைமெத்தில்கிளையாக்ஸைம் திரவத்தைப் பஞ்சில் தொட்டு உலோகத்தில் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாகும். இந்தச் சோதனையை வாங்குபவர் வீட்டில் செய்து பார்க்க வேண்டுமா? 'நிக்கல் உள்ளது' அல்லது 'நிக்கல் இல்லை', 'பட்டை ரப்பர்' அல்லது 'சிலிக்கோன்' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

உங்கள் செய்முறைத் தாளையும் படித்திருக்கிறேன். 'முடியை வைத்துப் பத்து விநாடி அழுத்தவும்' என்பதோடு சரி. இமைமுடிக்குப் பூசும் மையான மஸ்காராவுக்கு முன்புதான் கர்லர் என்பதையே பல தாள்கள் சொல்வதில்லை. மஸ்காரா காய்ந்த முடி விறைத்து நிற்கும். பட்டையில் ஒட்டிக்கொண்டு, கருவியை எடுக்கும்போது கூடவே வந்துவிடும். முடி சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். கண்ணாடியைத் தாடைக்குக் கீழே பிடித்துப் பார்வையைத் தாழ்த்தினால் வேர் தெளிவாகத் தெரியும். முதலில் லேசாக மூடி, தோல் சிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வேரருகே சில விநாடி அழுத்த வேண்டும். பிறகு நடுவில் அதைவிட லேசாக, நுனியில் இன்னும் லேசாக, மணிக்கட்டைச் சற்று மேலே திருப்பிக்கொண்டே. ஒரே இடத்தில் ஓங்கி அழுத்துவதால்தான் அந்த 'ட' வருகிறது. முழுதும் திறந்த பிறகே கருவியை விலக்க வேண்டும். தும்மல் வருவதுபோல் இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். சிரிக்காதீர்கள், தாளில் இருக்க வேண்டிய வரி இது.

'24 மணி நேரம் நிற்கும் சுருள்' என்ற வாசகத்தையும் எடுத்துவிடுங்கள். முடியின் கெரட்டின் என்ற புரதத்தில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் அழுத்தத்தில் இடம் மாறித் தற்காலிகமாகப் பிடிப்பதுதான் சுருள். ஈரம் பட்டால் அவை அவிழ்ந்துவிடும். வியர்வை, நீராவி, கண்ணீர் எதுவும் போதும். சுருளை நிறுத்திவைப்பதில் வாட்டர்ப்ரூஃப் மஸ்காரா முந்துவதற்கும் இதுவே காரணம்: சாதாரண மஸ்காராவில் உள்ள தண்ணீர் முடியை நனைத்து மறுபடி நேராக்குகிறது. இதை ஒரு வரியில் எழுதினால் 'கர்லர் வேலை செய்யவில்லை' என்ற புகார்களில் பாதி உங்களிடம் வராது.

ஹேர் டிரையரிலும் லைட்டரிலும் கர்லரைச் சுட வைத்துக் கண்ணில் வைக்கிறார்கள். சூட்டில் சுருள் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் சுட்ட உலோகம் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. செய்யாதே என்று பெரிய எழுத்தில் போடுங்கள். ஒட்டு இமைமுடி வைத்தவர்களுக்கும், கண்கட்டி வந்தவர்களுக்கும் கர்லர் வேண்டாம் என்பதை அதன் கீழேயே சேர்க்கலாம்.

எண்களும் உலோகத்தின் பெயரும் அடுத்த அச்சிலேயே வந்துவிடலாம், அதற்கு மை செலவுதான். பட்டைக்கு உங்கள் கிடங்கில் இடம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஒரு மாடலை நிறுத்தினாலும், விற்ற சட்டங்கள் உழைக்கும்வரை அதற்கான பட்டையைத் தனியாகக் கிடைக்கச் செய்யுங்கள். முடியாது என்றால் எந்த ஆண்டுவரை கிடைக்கும் என்பதையாவது பெட்டியில் அச்சிடுங்கள். அதைப் பார்த்து வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கர்லர்களை அன்றாடம் கையில் பிடிக்கும் ஓர் ஒப்பனைக் கலைஞர்